கறியில்லாத கறிக்குழம்பு

10 நவம்பர் 1974, ஞாயிறு. கிழக்குத் தாம்பரம்.

விலைவாசி இப்படி ஏறியதிலிருந்து எங்கள் வீட்டில் கறி எடுப்பதில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் மாதா கோயிலிலிருந்து வந்ததும் கறி மசாலா அரைத்து, அதில் வாழைக்காயைப் போட்டுக் குழம்பு வைக்கிறேன். "வாசனை வந்தா போதும். நம்ம கஷ்டம் தெருவுக்குத் தெரியணுமா?" என்பார் இவர்.

இன்று அந்த வாசனைதான் வம்பில் மாட்டிவிட்டது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, எங்க மேரி முழுகாம இருக்கா இல்லியா, உங்க கறிக்குழம்பு வாசனை வந்ததுலேர்ந்து கேட்டுக்கினே இருக்கா. கொஞ்சம் குடுங்க."

மசக்கைக்காரி கேட்டு இல்லையென்று சொல்ல முடியுமா? இவர் கூடத்திலிருந்து என்னை முறைத்தார். வாழைக்காய்த் துண்டு ஒன்றுகூட விழாமல் வெறும் குழம்பை ஊற்றி, தட்டால் மூடிக் கொடுத்தேன்.

சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஸ்டெல்லா சொன்னாள்:

"கறி பஞ்சு மாதிரி வெந்திருந்துச்சுக்கா. மேரி ஒரு துண்டு விடல."

இவர் நிம்மதியாகச் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தாலாவது எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.