ஹம்ஸாவின் கோலிக்குண்டுக் கிழங்குகள்

மைசூரு

சிரஞ்சீவி சௌபாக்கியவதி பிரதிபாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். சாமுண்டித் தாயார் தயவில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் அண்ணா பிள்ளை வினய்க்கு பெங்களூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது, கேட்ட பிரிவே கொடுத்துவிட்டார்கள். அவன் தங்கை தமிழ்ப்ரியா கன்னடக் கட்டுரையில் ஜில்லாவிலேயே முதல், பெயரைப் பார்த்து டீச்சரே அசந்துபோனாளாம். உன் பெண் ஹம்ஸா அங்கே நீச்சலில் மெடல் வாங்கியதையும் சேர்த்துத் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியாயிற்று. ஐந்தாம் கிளாஸோடு நின்றவள் நான், பேரக் குழந்தைகளைச் சொல்லிக்கொள்ளாமல் வேறு எதைச் சொல்லிக்கொள்வேன்.

அந்தப் பெருமைதான் இப்போது என்னைத் தலை குனிய வைத்திருக்கிறது. போனில் சொல்ல நாலு தரம் வாயெடுத்தேன், ஒவ்வொரு தரமும் குழந்தை முகம் வந்து பாட்டி என்றது, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். சித்திரை முதல் தேதி அவள் அங்கே பக்கெட்டில், நான் இங்கே மொட்டை மாடியில் அரிசிச் சாக்கில், யார் உருளைக்கிழங்கு பெரிசு என்று பந்தயம் கட்டி நட்டோமே, அந்த விஷயம். சாக்கின் அடியில் ஓட்டை போடு, மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடு என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். உங்கள் இரண்டு பேரை வளர்த்து ஆளாக்கினவளுக்கு ஒரு கிழங்கு வளர்க்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டு, காலையும் சாயங்காலமும் குடத்தால் ஊற்றினேன். இலை என்னமோ பசபசவென்று வந்தது, எதிர்வீட்டு தேவம்மாவை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். மழையும் சேர்ந்துகொண்டது, செடி மஞ்சளாகிச் சாய்ந்தது. கிழங்கு எடுக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் கையை விட்டுப் பார்த்தால் கொழகொழவென்று அழுகல், அந்த நாற்றம் சோப்பு போட்டும் போகவில்லை.

தோற்றுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாவைக் கிளப்பிக்கொண்டு தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய், பெரிய கிழங்காகப் பொறுக்கி வாங்கி, புது மண் போட்டுச் சாக்கில் புதைத்தேன். புதைச்சு எடுக்கறதுக்குப் பதிலா நேரே சாம்பார்ல போட்டுடேன் சீதா, சிரமம் மிச்சம் என்று அப்பா சிரித்தார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அவர் வாயை அடைத்தேன். மறுநாள் வீடியோ காலில் நான் ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கக் குழந்தை அங்கிருந்து கை தட்டினாள். அப்புறம், பாட்டி, உன் கிழங்குல ஏன் வேரே ஒட்டிண்டு இல்லை என்று கேட்டாள். நன்னா முத்தினா வேர் தானா விட்டுடும்டி கண்ணா என்று கூசாமல் சொன்னேன். அவள் தன் பக்கெட்டைக் கவிழ்த்தாள், கோலிக்குண்டு மாதிரி ஒரு கைப்பிடி. அந்த நிமிஷம் நிஜமாகவே நான் ஜெயித்த மாதிரி இருந்தது பிரதிபா, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. போதாததற்கு தேவம்மாவுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். பொரியலாகப் பல்யா பண்ணிச் சாப்பிட்டுவிட்டு வந்து, மார்க்கெட் ஆலுகட்டேல இந்த ருசி எங்க வரும்ரீ சீதம்மா என்கிறாள். சிரித்துக்கொண்டு நின்றேன்.

முந்தாநாள் நீ சொன்னாய், ஹம்ஸா கிழங்கை எறிந்துவிட்டுப் பக்கெட்டைக் குப்பைத்தொட்டி பக்கம் வைத்துவிட்டாள், பாட்டி மாதிரி எனக்குக் கை ராசியில்லை, இனிமேல் ஒரு விதைகூட நட மாட்டேன் என்கிறாள் என்று. அதனால்தான் இந்தக் கடிதம். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, நீதான் உட்கார்த்தி வைத்து ஒரு வரி விடாமல் படித்துக் காட்ட வேண்டும், அம்மா மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நடுவில் விழுங்கிவிடாதே. ஹம்ஸா கண்ணா, பாட்டி பொய் சொன்னேன். என் சாக்கில் ஒன்றுமே விளையவில்லை, உன் பக்கெட்டில்தான் விளைந்தது. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாமல் இரு, ஆனால் பக்கெட்டைத் திரும்ப எடுத்து வை.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல் தெய்வம் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைக்குக் காதை மூடி அனுப்பு, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. அவள் எறிந்த கிழங்கை நீ எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாயே, அது வாடிப்போவதற்குள் அவள் இரண்டு கையிலும் ஏந்தி நிற்கிற மாதிரி ஒரு புது போட்டோ எடு. போனில் வேண்டாம், அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பு. அதை எடுத்துக்கொண்டு தேவம்மா வீட்டுக்குப் போய், நீங்கள் சாப்பிட்டது மார்க்கெட் கிழங்கு, நிஜமாக விளைவித்தவள் இவள் என்று சொல்ல வேண்டும். வெறுங்கையோடு போக எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
சீதாலக்ஷ்மி