பதினான்காம் எண்ணுக்கு உரியவர்

புலாவ் செபாங்,
9 மார்ச் 2025

அன்புள்ள டாக்டர் அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். தெங்கேராவில் உங்கள் அம்மாவுக்குக் கால்வலி குறைந்ததா?

என்னை நினைவிருக்கிறதா? 2023 ஆகஸ்டு விடுமுறையில் எங்கள் தோட்டத்து மண்டபத்தில், பூச்சி மருந்து தெளிக்கும் பெண்களுக்கு நீங்கள் ரத்தம் எடுத்தீர்கள். அவர்கள் சொன்ன பதில்களைக் கேள்விப் பாரத்தில் எழுதி, குப்பிகளில் எண் ஒட்டிக் கொடுத்த கலைமகள் நான்தான். "நல்ல கையெழுத்து, பிள்ளை. கெட்டிக்காரியா வருவாய்" என்றீர்கள். இப்போது நான்காம் படிவம் படிக்கிறேன்.

போன வாரம் அறிவியல் பாடத்துக்காகப் பள்ளிக் கணினியில் பூச்சி மருந்து பற்றித் தேடினேன். உங்கள் ஆய்வின் அட்டவணையே வந்து நின்றது. யாரும் எடுக்கலாம், யாரும் பயன்படுத்தலாம் என்று போட்டிருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. எண், வயது, எத்தனை ஆண்டு வேலை, ரத்தத்தில் ஏதோ ஒரு நொதி எத்தனை சதவீதம், அவ்வளவுதான். ஆனால் எண்களை ஒட்டியவள் நானாயிற்றே. எது யாருடையது என்று எனக்கு மறக்கவில்லை.

எல்லாருக்கும் எண்பது, தொண்ணூறு என்று இருக்கிறது. பதினான்காம் எண்ணுக்கு மட்டும் முப்பத்தொன்பது. அப்படியென்றால் என்ன அக்கா? அது நோயா? ஒன்றரை வருடமாக எங்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. "ரிசல்ட்டு வந்துச்சா பாப்பா?" என்று கொஞ்ச நாள் என்னைக் கேட்டார்கள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

பதிலைப் பள்ளி நூலகத்துக்கு அனுப்புங்கள். உஷாந்தி டீச்சர் வாங்கித் தருவார். வீட்டுக்கும் கைப்பேசிக்கும் வேண்டாம். அம்மாவின் அண்ணன் தங்கராஜு மாமாதான் மருந்து தெளிக்கும் பெண்களை வேலை வாங்கும் மண்டோர். எங்கள் கைப்பேசியைக் கேட்காமலேயே எடுத்துப் பார்ப்பார். அம்மா தூங்கிய பிறகு குளியலறை விளக்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் அன்புத் தங்கை,
கலைமகள்


தெங்கேரா, மலாக்கா,
18 மார்ச் 2025

அன்பான கலைமகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கால்வலி அப்படியேதான் இருக்கிறது, உன்னை விசாரித்தார்.

நீ அந்த அட்டவணையைத் தேடிக் கண்டுபிடித்தாய் என்பதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? ஆய்வுத் தரவு அலமாரியில் பூட்டிக் கிடக்கக் கூடாது, தேடுகிறவர் கையில் கிடைக்க வேண்டும் என்று ஐந்து ஆண்டாகப் பல்கலைக்கழகத்தில் சண்டை போட்டு வருகிறேன். கட்டுரை அச்சாகும்வரை மூச்சு விடக் கூடாது என்பது அவர்கள் கட்டளை. அச்சானதும் ஒவ்வொருவருக்கும் முடிவுக் கடிதம் போயிருக்க வேண்டும். உதவியாளர் வேலையை விட்டுப் போனதில் அது விடுபட்டுவிட்டது. என் தவறுதான், மறைக்கவில்லை.

முப்பத்தொன்பது நல்ல எண் அல்ல. மருந்து உடம்பில் ஏறி நரம்பைத் தொடுகிறது என்று பொருள். அவர் சில மாதம் தெளிப்பு வேலையை விட்டு விலகி இருந்தால் குறைந்த நொதி தானாக ஏறும். அவர் யார் என்று நான் உனக்குச் சொல்லக் கூடாது, நீயும் எழுதாதே. பெயர்ப் பட்டியலைத் திறந்து, அந்தப் பெயருக்கே கடிதம் அனுப்பிவிட்டேன். நகரத்துக் கிளினிக்கில் இலவசமாக மறுபடியும் ரத்தம் பார்ப்பார்கள். புது எண்ணையும் அட்டவணையில் சேர்ப்பேன். அடுத்து அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

பயப்படாமல் படி.

பாசத்துடன்,
நிரஞ்சனி ஸ்ரீஸ்கந்தராஜா


புலாவ் செபாங்,
25 மே 2025

அன்புள்ள டாக்டர் அக்காவுக்கு,

என்னை மன்னித்துவிடுங்கள். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் என் அம்மா பெயருக்கு வந்தது. கிளினிக்கில் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள் என்று அம்மாவே போனார். தொண்ணூற்றிரண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? அம்மா மருந்துப் பம்ப்பை முதுகில் தூக்குவதை விட்டு நான்கு வருடம் ஆகிறது.

முதுகு போன பிறகு அம்மா டவுனில் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். ஆனால் தோட்டத்தில் பெயர் இருந்தால்தான் வீடு. அதனால் தங்கராஜு மாமா ஒரு வழி செய்தார். பக்கத்து வீட்டுக் கோமளா அக்காவுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, ஐசி என்ற அடையாள அட்டையும் இல்லை, யாரும் வேலை தரமாட்டார்கள். அம்மாவின் கார்டில் அவர் வேலை செய்கிறார். காலையில் எல்லாரும் வரிசையில் நிற்கும் பெரட்டுக்களத்தில் "மாரியம்மா!" என்று கூப்பிட்டால் கோமளா அக்கா "இருக்கேன்" என்பார். இங்கே இதைப் 'பேருக்கு நிற்பது' என்பார்கள். எல்லாருக்கும் தெரியும், ஆபீசுக்கு மட்டும் தெரியாது.

நீங்கள் ரத்தம் எடுத்த அன்றும் அதே பட்டியலைத்தான் கூப்பிட்டார்கள். கோமளா அக்கா வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். நான் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தேன். மாமா பின்னால் வந்து நின்று, "எழுது பாப்பா. மாரியம்மா, வயசு நாப்பது. ஏன் முழிக்கிற?" என்றார். எழுதினேன். கோமளா அக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது. நீங்கள் எதிரில்தான் இருந்தீர்கள். பாரத்தை மட்டும் பார்த்தீர்கள்.

போன வாரம் சனிக்கிழமை மண்டபத்தில் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. நிவேந்திரன் என்று புதிய அதிகாரி, திரையில் உங்கள் அட்டவணையைக் காட்டினார். "இந்தப் பொம்பளைய பாருங்க. ரெண்டு வருஷம் நிக்காம மருந்து அடிச்சிருக்காங்க. முப்பத்தொம்பது இருந்தது இப்ப தொண்ணூத்திரண்டு. கையுறை போட்டா ஒன்னும் ஆகாது-லா, சும்மா பயப்படாதீங்க" என்றார். மறுபடியும் ரத்தம் பார்த்தது அம்மா மட்டும்தான் என்பதால் எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "மாரியம்மாக்கா, நீங்க படத்துலயே வந்துட்டீங்க, இனிமே எங்கள கண்ணு தெரியுமா?" என்றார். ஒரே சிரிப்பு. கோமளா அக்காவும் கை தட்டினார். அவர் கை தட்டாதபோதும் ஆடுகிறது அக்கா. தேநீர் குடிக்க இரண்டு கையாலும் டம்ளரைப் பிடிக்கிறார். வேலை முடிந்து வந்தால் வாந்தி.

அந்த முப்பத்தொன்பது அவருடையது என்று அவரிடம் மட்டும் சொன்னேன். "என் பேருல வந்திருந்தா பயந்திருப்பேன். உங்கம்மா பேருலதான வந்திருக்கு" என்று சிரித்தார். பிறகு, "மாமாகிட்ட சொல்லிடாத பாப்பா. இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்?" என்றார்.

அட்டவணையில் ஒரே ஒரு குறிப்பு எழுதுங்கள். முதல் எண்ணும் இரண்டாவது எண்ணும் ஒரே ஆளுடையவை அல்ல என்று. காரணம் எழுத வேண்டாம். எழுதினால் எங்களுக்கு வீடு போய்விடும். ஐசி இல்லாதவர் எங்கே போய் மருத்துவம் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கலைமகள்


தெங்கேரா, மலாக்கா,
9 ஜூன் 2025

அன்பான கலைமகளுக்கு,

உன் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. நீ சின்னப் பிள்ளை, உன்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஆனால் நீ கேட்கும் குறிப்பை என்னால் எழுத முடியாது. ஒருவரின் ரத்தத்தை ஆய்வில் வைத்திருக்க அவரே கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். என்னிடம் இருப்பது உன் அம்மாவின் பெயரில் உள்ள கையெழுத்து. அந்தப் பெண்ணின் ஒப்புதல் இல்லை. விதி சொல்வது ஒன்றே ஒன்றுதான், நீக்கு. யோசித்துப் பார்த்துப் பதினான்காம் வரியை முழுவதுமாக நீக்கிவிட்டேன். இனி யாரும் அதைத் தவறாகக் காட்ட முடியாது. உங்கள் வீட்டுக்கும் ஆபத்து இல்லை. எல்லாருக்கும் இதுவே நல்லது என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணை அரசாங்க மருத்துவமனைக்குப் போகச் சொல். ஐசி இல்லாதவரிடம் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள், அதற்கு என்னிடம் வழி இல்லை.

இதைப் பற்றி இனி எழுத்தில் எதுவும் வேண்டாம், கண்ணா. உன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீயும் இதைக் கிழித்துவிடு. நன்றாகப் படி. அம்மா உன்னை விசாரித்தார்.

பாசத்துடன்,
நிரஞ்சனி


புலாவ் செபாங்,
6 ஜூலை 2025

டாக்டர் நிரஞ்சனி அவர்களுக்கு,

எழுத்தில் வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

ஜூன் 21ஆம் தேதி கோமளா அக்கா பம்ப்போடு விழுந்துவிட்டார். வாயில் எச்சில் வழிந்தது, மூச்சு இழுத்தது. அம்மா கடையில் இருந்தார். மாமா வேனை எங்கள் வாசலில் நிறுத்தி, "ஏறு பாப்பா. கேட்டா உங்கம்மான்னு சொல்லு. வேற வாய தொறக்காத" என்று அம்மாவின் ஐசி நகலை என் கையில் திணித்தார். நகல் எடுத்து எடுத்து அதில் முகமே கறுத்துப்போயிருக்கும்.

மருத்துவமனையில் ஒரு மலாய் டாக்டர் பார்த்தார். கண்ணைத் திறந்து பார்த்து, பூச்சி மருந்தாக இருக்குமோ என்றார். பிறகு அம்மாவின் பெயரை வைத்துக் கிளினிக்குக்குப் போன் செய்தார். ஏப்ரலில் தொண்ணூற்றிரண்டு என்றார்கள். அப்படியென்றால் வேறு ஏதாவது இருக்கும், இன்னும் சில பரிசோதனைகள் முடியட்டும் என்றார். மாமா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமளா அக்காவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

இது என் அம்மா இல்லை என்று சொன்னேன். பெயர் கோமளா, ஐசி இல்லை, 2023இலேயே இவருக்கு முப்பத்தொன்பது இருந்தது என்றேன். எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவர் கணினியிலேயே உங்கள் அட்டவணையைத் திறந்து காட்டினேன். பதின்மூன்றுக்கு அடுத்து பதினைந்து இருந்தது.

நான் பொய் சொல்கிறேனா என்று அந்த டாக்டர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னை நம்பி பூச்சி மருந்தை முறிக்கும் ஊசியைப் போட்டார். நம்பாமலும் போயிருக்கலாம்.

ஒன்பது நாள் மூச்சுக் குழாயில் இருந்தார். இப்போது பேசுகிறார், வலது கை சரியாக வரவில்லை. பத்திரம் கேட்டு இரண்டு அதிகாரிகள் வந்து போனார்கள். அம்மாவின் பெயரைத் தோட்டத்தில் அடித்துவிட்டார்கள். மாமா எங்கள் வாசலில் நின்று, "ஒரு வாய தொறந்து ரெண்டு குடும்பத்த ரோட்டுல விட்டுட்டா. நல்லா படிக்க வச்ச, தங்கச்சி!" என்று வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். மாதக் கடைசியில் மஸ்ஜித் தானாவில் ஒரு கடைக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போகிறோம்.

எந்த விதி உங்களை அந்த வரியை நீக்கச் சொன்னது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அன்று மண்டபத்தில் ஊசி ஏறியது உண்மை. ரத்தம் உண்மை. முப்பத்தொன்பது உண்மை. பெயர் ஒன்றுதான் பொய். நீங்கள் உண்மையை எல்லாம் அழித்துவிட்டீர்கள். வீட்டுக்காக என்று எழுதியிருந்தீர்கள். வீடு இப்போது இல்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். உங்கள் ஒப்புதல் பாரத்தின் வாசகத்தைப் பள்ளிக் கணினியில் இருந்து பார்த்து எழுதி, கோமளா அக்காவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அவரே கையெழுத்துப் போட்டார். கோணலாக இருக்கும், இடது கை. சாட்சியாக வார்டு நர்சம்மாவும் போட்டிருக்கிறார். அப்போது வயது இருபத்தேழு, நாற்பது அல்ல. தொண்ணூற்றிரண்டு அவருடையது அல்ல.

அந்த வரியைத் திருப்பிப் போடுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம், நூலக முகவரியும் இனி என்னுடையது இல்லை. போட்டீர்களா இல்லையா என்பதை எந்த ஊர்க் கணினியிலும் நான் பார்த்துக்கொள்வேன்.

கலைமகள்