வீடு கிடைக்கும் ஊர்

காரைக்குடி
12.3.2025

அன்பு மகள் யூஜினியாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நலம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறதென்று கடிதம் எழுதச் சொன்னாய்; எழுதுகிறேன். கலிபோர்னியாவை விட்டு டெக்சாஸ் போகிறீர்களாமே? நாற்பது வருஷ வீட்டு புரோக்கருக்கு ஒரு சந்தேகம். ஒரே தேசத்தில் ஒரு மாநிலத்தில் ஜனம் குவிகிறது, இன்னொன்று அசைய மாட்டேன் என்கிறது. ஏன்? மானகிரிப் பக்கம் மனை விற்றபோது நல்ல தண்ணீர், பஸ் வசதி என்று சொல்லித்தான் ஆள் பிடித்தேன். அங்கே எதைச் சொல்லிப் பிடிக்கிறார்கள்? பேத்தி சினேகாவுக்கு முத்தம்.

அப்பா,
இஞ்ஞாசிமுத்து

சான் ஹோசே
6.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் முத்தரசுவும்தான். பதினோரு வருடமாக உங்கள் மருமகன். ஒரு கடிதத்திலாவது அவரை விசாரிக்கலாம்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். பிறப்பும் இறப்பும் எல்லா மாநிலத்திலும் உண்டு; வித்தியாசம் குடிவருகிறவர்களால்தான். ஃபுளோரிடாவில் சில வருடங்கள் பிறந்தவர்களைவிட இறந்தவர்கள் அதிகம். அப்போதும் ஜனம் கூடியது. ஓய்வு பெற்றவர்கள் வெயிலைத் தேடி வந்து குடியேறினார்கள். டெக்சாஸில் வேலை இருக்கிறது, மாநில வருமான வரி கிடையாது. எல்லாவற்றையும்விட, அங்கே புது வீடுகள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே அனுமதி வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும். வீடு கிடைக்காத ஊரில், எவ்வளவு ஆசை இருந்தாலும் எத்தனை நாள் இருக்க முடியும்? உங்களுக்குத் தெரியாததா?

அன்பு மகள்,
யூஜினியா

காரைக்குடி
25.5.2025

அன்பு மகளுக்கு,

உன் கடைசி இரண்டு வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை. பதிவுத் திருமணம் முடிந்ததும் இங்கேயே இருக்கத்தான் வீடு தேடினாய். பதினேழு வீடு பார்த்தாய். மதம் வேறு என்பதால் ஊரில் யாரும் தரவில்லை என்று நினைத்திருப்பாய். ஊர்மேல் தப்பில்லை அம்மா. நான்தான் வீடு வீடாகப் போய், “அந்த ரெண்டு பேருக்கும் வீடு குடுத்தீகன்னா, இனிமே உங்களுக்கு ஆள் கொண்டாந்து விட மாட்டேன்” என்று சொன்னேன். அவரை விட்டுவிட்டு என்னிடம் திரும்பி வருவாய் என்று கணக்குப் போட்டேன். நீ அமெரிக்காவுக்குப் போனாய். எத்தனையோ குடும்பங்களை இந்த ஊரில் குடிவைத்தவன், பெற்ற பிள்ளையைக் காலி பண்ண வைத்தேன். வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னிப்பாயா?

அப்பா

ஆஸ்டின்
20.7.2025

அப்பாவுக்கு,

எனக்கு அன்றைக்கே தெரியும். கடைசியாகப் பார்த்த வீட்டுக்காரர் புஷ்பவள்ளி அக்கா, “உங்க அப்பாதான் குடுக்க வேணாம்னுட்டாக. என்னையக் காட்டிக் குடுத்துறாதீக” என்று அழுதார். முத்தரசுவும் பக்கத்தில்தான் நின்றார். இந்தப் பதினோரு வருடத்தில் உங்களைப் பற்றி மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். டெக்சாஸ் ஜனத்தொகையில் மூன்று பேர் கூடிவிட்டோம். ஓர் அறை காலியாக இருக்கிறது; நான்காவது ஆளாக நீங்கள் வந்து இருக்கலாம். ஆனால் என்னிடம் மன்னிப்புக் கேட்டால் போதாது, அவரிடமும் கேட்க வேண்டும். அதற்குக் கடிதம் வேண்டாம் அப்பா, போன் செய்யுங்கள். அவர் எடுப்பார்.

யூஜினியா