சுவிட்சர்லாந்துக்குப் போனவர்

1926 ஜூலை 27

இங்கே பர்மாவில் மழை விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவிடுக்கில் அவருடைய கடிதம். சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டாராம். இவருடைய வெள்ளைக்காரத் துரை விடுமுறைக்கு மலை சுற்றுகிறார். அவருக்குச் சமைக்கவும் மூட்டை தூக்கவும் இவர். ஏரியில் நீராவிப் படகு, பல்சக்கரத்தால் மலையேறும் ரயில், கழுத்தில் குடம் அளவு மணி கட்டிய மாடுகள் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். “இந்தப் பக்கம் பனியில் ரயில் ஏறினோம். மலையைக் குடைந்து போய் அந்தப் பக்கம் இறங்கினால் வெயிலும் திராட்சைத் தோட்டமும். ஒரே தேசம்தான் சொர்ணம், நம்ப மாட்டாய்.”

தயங்கிய மனிதரை நான்தான் போய்வரச் சொன்னேன். நல்லதாகப் போயிற்று.

ஆகஸ்ட் 3

ஒன்றுமில்லை. அடுக்களைக் கூரை ஒழுகுகிறது.

ஆகஸ்ட் 14

கொழுந்தன் செல்லையா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். ரயில்வே வேலையை விட்டு அந்த நேரத்தில் வருகிறவர் இல்லை. துரையின் கம்பெனிக்குத் தந்தி வந்திருக்கிறது. பனிமலையில் பிளவு ஒன்றில் இவர் விழுந்துவிட்டாராம். உடல் கிடைக்கவில்லையாம்.

உடல் கிடைக்கவில்லை என்றால்? யாரும் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? வேறு பக்கமாக ஏறி வந்திருக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 25

செல்லையா ஐயரைக் கேட்டு வந்திருக்கிறார். உடல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாமாம். “எத்தனை நாளைக்கு மதினி பொட்டோட இருப்பீங்க? சனம் பேசுது” என்றார். பேசட்டும். புல்லைக் கொளுத்திவிட்டு நான் தாலியைக் கழற்றவா? முடியாது என்றேன்.

செப்டம்பர் 4

அவர் கையெழுத்து. உறையில் அவர் கையெழுத்து. உயிரோட இருக்கார், நான் சொன்னேன்ல, சொன்னேன்ல — வாசலில் நின்று சிரித்திருக்கிறேன். அடுத்த வீட்டு நூர் பீவி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

தேதியை அப்புறம்தான் பார்த்தேன். ஆகஸ்ட் 5.

செப்டம்பர் 5

படிக்காமலே இருந்திருக்கலாம். இந்த இடத்தை மட்டும் எழுதி வைக்கிறேன்: “நாளை மறுநாள் மறுபடி பனியில் போகிறோம். துரையும் வழிகாட்டியும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொள்வார்கள். எனக்குக் கிடையாது. அவர்கள் வைத்த தடத்திலேயே கால் வைத்து வருகிறேன். பயப்படாதே, பழகிவிட்டது.”

போய்வரச் சொன்னது நான்.

டிசம்பர் 12

துரை ஊர் திரும்பி, இன்று வீட்டுக்கு வந்தார். தமிழ் வராது, பர்மியத்தில் பேசினார். எட்டு வருஷம் கூட இருந்தவன், நல்லவன், விசுவாசமானவன் என்றார். எப்படி நடந்தது என்று கேட்டேன். மூன்று பேரும் சேர்ந்துதான் கட்டியிருந்தார்களாம், கயிறு அறுந்துவிட்டதாம்.

உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்து, அந்த இடத்தைத் தமிழில் படித்தேன். பிறகு பர்மியத்தில் சொன்னேன்.

“அவ்வளவு சுமையோடு வருகிறவன் விழுந்தால் எங்களையும் இழுத்துவிடுவான் என்று வழிகாட்டி சொன்னான்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

நல்லவன், விசுவாசமானவன் என்றார் மறுபடியும்.

உடலாவது கிடைக்குமா என்று கேட்டேன். பனி அங்கே ஆறு மாதிரி மெல்ல நகருமாம். நாற்பது வருஷத்தில் அடிவாரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும், முகம்கூட மாறாது என்று அந்த ஊரார் சொல்கிறார்களாம். ஆறுதலாகத்தான் சொன்னார் போலிருக்கிறது. தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு இப்போது முப்பத்திரண்டு. எழுபத்திரண்டில் நான் போய் நின்றால் முப்பத்தாறு வயதில் அவர் கிடப்பார். பார்க்கிறவர்கள் மகன் என்றுதான் நினைப்பார்கள்.

டிசம்பர் 21

செல்லையா கடிதத்தோடு கம்பெனிக்குப் போனார். வேறு தேசத்தில், துரையின் சொந்த விடுமுறையில் நடந்தது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். துரை அறைக்குள்ளேதான் இருந்தாராம். வெளியே வரவில்லை.

1927 ஜனவரி 2

துரை வழிகாட்டியின் பேச்சைக் கேட்டார். இவர் துரையின் பேச்சைக் கேட்டார். முன்னாடியே இவர் என் பேச்சைக் கேட்டார். யாரைப் போய் நான் என்ன கேட்க?

ஜனவரி 9

ஐயரைப் பார்க்கும்படி செல்லையாவிடம் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். என் முன்னால் அழுதது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 16

பஸுண்டாங் ஓடைக்கரையில் சடங்கு முடிந்தது. கை கால் தலை என்று ஐயர் புல்லில் கட்டியிருந்தார். செல்லையா தீ வைத்தார். காற்று இருந்ததால் சட்டென்று எரிந்து போயிற்று. ஒரு ஆளுக்கு அவ்வளவு நேரம்தானா?

ஜனவரி 31

நெற்றியில் ஒன்றும் இல்லாமல் பள்ளிக்கூடம் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புக்குப் பூகோளப் பாடம். கணக்கு நடத்தினேன்.