ஐந்து கால் வண்டு

இன்று காலை நம் கல்லூரி அருங்காட்சி அறையின் அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே, உங்கள் வீட்டுத் தறிக்கு ஜரிகை வந்த பழைய டப்பா. அதில் பஞ்சின்மேல் தாமல் ஏரியில் நீ பிடித்த தண்ணீர் வண்டு, ஒரு கால் குறைவாக. அந்தக் காலை எடுத்தவள் நான்தான். திட்டாதே, முழுக்கக் கேள்.

பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். பிடித்த வண்டுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். என் பங்கைப் புத்தகத்தில் சொன்னபடி ஃபார்மலின் பாட்டிலில் போட்டேன். நீயோ மொட்டைமாடி வெயிலில் வற்றலைப் போலக் காயவைத்துக் கொண்டுவந்தாய். எனக்கு வந்ததே கோபம்!

"தறியில முகூர்த்தப் புடவை ஓடிக்கினு இருக்குதுபா. ஃபார்மலின தொறந்தா பட்டுல பொண வாடை ஏறிக்கும். அத்த கட்டிக்கினு அந்தப் பொண்ணு மணையில உக்காரணுமா?" என்றாய்.

"அப்ப எதுக்குடி ஜுவாலஜி எடுத்த?" என்று கத்தினேன். அதோடு விட்டேனா? சாரிடம் போட்டுக்கொடுத்தேன். உனக்கு மதிப்பெண் போயிற்று. இரண்டு நாள் நீ பேசவில்லை. மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் ரூலுக்கு நான் பட்டினி கெடக்க முடியாதுபா, டிபன் பாக்ஸ தொற" என்றாய்.

அந்த வகை வண்டு இப்போது தாமலில் இல்லை. ஏரி நிரம்பிய வருஷமெல்லாம் வலையோடு போய்த் தேடிவிட்டேன். அது எந்த வம்சம், யாருக்கு உறவு என்று அறிய நாம் சேர்த்துவைத்த உடல்கள் மட்டுமே மிச்சம். ஆய்வுக்கூடத்தில் ஒரு கால் கேட்டார்கள். என் பாட்டில் வண்டின் காலை அனுப்பினேன். ஒன்றும் தேறவில்லை. ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிட்டதாம். அப்புறம் உன்னுடையது ஒன்றுதான். நீ போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. இடுக்கியைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன்.

கிடைத்துவிட்டதடி! துண்டு துண்டாகத்தான். அறுந்த பாவு இழைகளை உங்கம்மா தேடித் தேடிப் பிணைப்பார்களே, அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். நாம் சாதாரண ஏரி வண்டு என்று சீட்டு எழுதிய அது, எங்கோ மலையோடைகளில் வாழும் கூட்டத்துக்குச் சொந்தமாம். மனிதர்களே இல்லாத காலத்தில் பிரிந்த உறவு! மயிரிழை அளவு காய்ந்த காலுக்குள் அத்தனை கால ஞாபகம் எப்படித் தங்கியது? முடிவைப் படித்ததும் உன்னிடம் சொல்ல ஃபோனைக் கையில் எடுத்துவிட்டுத்தான் நினைவு வந்தது.

பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். உன் வண்டுக்கு நேராக என் கையெழுத்தில், 'முறைப்படி பதப்படுத்தவில்லை.' அடித்துவிட்டு, 'வெயிலில் காயவைத்தது. டி.என்.ஏ. கிடைத்தது' என்று எழுதினேன். "இப்பவாச்சும் ஒத்துக்கினியே" என்பாய். ஒத்துக்கொண்டேன். அந்த மதிப்பெண்ணை எங்கே போய்த் திருத்துவேன்?

இன்னொரு கால் கேட்டு இன்று வேறோர் ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். சேகரித்தவர் என்று உன் பெயரைப் போடுவதாக முதலில் எழுதித் தரட்டும். அப்புறம்தான் கால்.