மதினி மூச்சு வாங்கும் ஸ்லைடு

மதினி,

காலையில் டேப்லெட்டின் உறையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஆடித்தபசுக்குக் கொடி ஏறுகிறது. சாயங்காலம் நம் தெருப் பெண்கள் எல்லாரும் நம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். உறையின் மடிப்பில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். புற்று மண். கோயிலில் எடுத்த அந்த மண்ணைத் தொண்டையில் பூசிக்கொண்டு, அதே விரலால்தானே இந்தக் கண்ணாடியைத் தள்ளுவீர்கள். "கையத் தொடச்சிட்டுத் தொடுங்க மதினி, சாமான் கெட்டுரும்" என்று நான் சத்தம் போடுவேன். நீங்கள் நிதானமாக ஒரு ஸ்லைடைத் தேடி எடுத்து என் முகத்துக்கு நேரே பிடிப்பீர்கள். அதில் பெரிய எழுத்தில் "கத்தாதட்டி" என்று இருக்கும்.

சுரண்டிய மண்ணைக் கீழே உதற மனம் வரவில்லை. நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த அன்று முதலில் கேட்டது உங்கள் குரலைத்தான். முகத்தை மறுநாள்தான் பார்த்தேன். இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் காட்டில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கூப்பிட்டுப் பழகிய குரல். பக்கத்து வீட்டு அடுக்களையில் நீங்கள் பேசினால் என் அடுக்களையில் உப்புப் போட மறந்துபோகும். நம் இரண்டு பேருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் மூன்று வயது மூத்தவர் என்று மதினி ஆனீர்கள். நான் எப்போதும் உங்களுக்கு ஏட்டிதான்.

ஆடி மாதம் வந்தால் நாம் சேர்ந்துதான் கோயிலைச் சுற்றுவோம். அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாள், அவள் கால்வலியில் கொஞ்சம் நாமும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதானே இந்த ஊரில் ஆடிச்சுற்று. நூற்றெட்டுச் சுற்று. கணக்கு என் பொறுப்பு. நூற்றெட்டுப் புளியமுத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, சுற்றுக்கு ஒன்றாக எடுத்துப் பையில் போடுவேன். நீங்கள் பேசிக்கொண்டே வந்து, "முடிஞ்சிட்டாட்டி?" என்பீர்கள். "இன்னும் நாப்பத்தி மூணு கெடக்கு" என்றால், "ரெண்டு முத்த முழுங்கிரு, அம்மன் கேக்க மாட்டா" என்பீர்கள்.

சுற்று முடிந்து வந்ததும் எங்கள் வாசலில் எல்லாரும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்காருவோம். நீங்கள் தபசுக் கதை சொல்வீர்கள். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். சங்கன், பதுமன் என்ற இரண்டு பாம்புகளுக்குள் சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சண்டை. அவை அம்மனிடம் போய் நிற்க, அவள் புன்னை வனத்தில் தவமிருந்து, இரண்டு பேரையும் சங்கரநாராயணராக ஒரே உருவத்தில் பார்க்கிறாள். ஆனால் நீங்கள் சொன்னால் புதிதாக இருக்கும். "நின்னா... ஒத்தக் காலுல நின்னா... எப்படி நின்னா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவீர்கள். ஒரு நீண்ட மூச்சு. மடியில் அழுகிற பிள்ளைகூட வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் சுவாமி காட்சி கொடுப்பார்.

அப்புறம் தொண்டையில் கட்டி வந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன். உயிரைக் கொடுத்துவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் வீட்டுக்கு வந்த ஒரு வாரம், நம் தெருவில் எல்லாரும் மெதுவாகவே பேசினோம், ஏன் என்று தெரியாமல்.

மகள் காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் போட்டுப்போன டேப் என்னிடம் இருந்தது. பக்திப் பாட்டுக் கேட்கத்தான் அதை வைத்திருந்தேன். எதை அமுக்கினால் என்ன வரும் என்று ஒரு நோட்டில் எழுதி எழுதி, அதில் ஸ்லைடு போட நானாகவே பழகினேன். தப்பாக அமுக்கியதையும் எழுதிவைத்தேன். ஒருநாள் பத்து ஸ்லைடு போட்டு உங்களிடம் கொண்டுவந்தேன். "தண்ணி வேணும்", "வலிக்கி", "தூங்கணும்". பத்தையும் பார்த்தீர்கள். டேப்பை வாங்கி, அரைமணி நேரம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தி, பதினொன்றாவதாக ஒன்று போட்டீர்கள்: "நான் என்ன சாகவா கெடக்கேன்? வேற போடு."

அதற்கப்புறம் உங்களைப் பிடிக்க முடியவில்லை. பால்காரருக்கு ஒரு ஸ்லைடு: "இது பாலா, கழனித் தண்ணியா?" உங்கள் வீட்டு அண்ணாச்சிக்கு மட்டும் ஆறு ஸ்லைடு. அவர் பதில் சொல்வதற்குள் அடுத்ததைத் தள்ளிவிடுவீர்கள். கோபம் கூடக்கூட எழுத்துப் பெரிசாகும். ஒரே ஒரு சொல் கண்ணாடி முழுக்க நின்றால் அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார். "பேசுனப்பவாச்சும் காத பொத்திக்கிடலாம். இப்போ கண்ணையுமில்லா பொத்த வேண்டியிருக்கு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார், பாவம்.

ஆனி கடைசியில் ஒரு மத்தியானம் வந்து என் முன்னால் டேப்பை நீட்டினீர்கள். "இந்த வருசம் கதை யாரு சொல்லுவா?" சின்ன எழுத்து. உங்களிடமிருந்து அவ்வளவு சின்ன எழுத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நீங்கதான் மதினி. இதுலயே சொல்லுவோம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கே தைரியமில்லை.

முதலில் நான் போட்டதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டீர்கள். என் புத்தி அப்படி. வரிசை எண், கட்டம், கட்டத்துக்குள் கதை, ஒரு ஸ்லைடுக்குப் பதினாறு வரி. உச்சியில் பிள்ளையார் சுழி. நீங்கள் எழுதிக் காட்டினீர்கள்: "ஏட்டி, இது ரேசன் கடை போர்டா? படத்தப் போடு. மூணு வார்த்த எழுது. மிச்சத்த அவளுகளே நெனச்சுக்கிடுவாளுக." பிள்ளையார் சுழியை மட்டும் விட்டுவைத்தீர்கள்.

பாம்பு இரண்டையும் விரலால் வரைந்தது நீங்கள். "புடலங்கா ரெண்டு கெடக்கு மதினி" என்றேன். ஆளுக்கு இரண்டு கண் வைத்து, "இப்போ பாம்பு" என்று எழுதினீர்கள். புன்னை மரத்தை நான் போய்ப் படம் பிடித்து வந்தேன். தவத்துக்கு வந்தபோதுதான் நின்றுவிட்டோம். அம்மன் ஒற்றைக் காலில் நிற்கும் படம் மனதுக்கு ஒத்ததாக ஒன்றும் அகப்படவில்லை. நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி நின்றீர்கள். கீழே ஊன்றிய காலைக் காட்டிப் படம் எடுக்கச் சொல்லி ஜாடை செய்தீர்கள். பித்த வெடிப்பு, தேய்ந்த மிஞ்சி, பெருவிரலில் பழைய காயம்.

"அம்மன் காலுக்கு ஒங்க காலா? பாவம் பிடிச்சுக்கிடும் மதினி" என்று நான் பதறிவிட்டேன்.

"அவ வலிய வாங்கத்தான சுத்துதோம்? வாங்கின காலு இதுதான், போடு" என்று எழுதினீர்கள். போட்டேன்.

அந்தக் காலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல் ஒரு கறுப்பு ஸ்லைடு வைத்தீர்கள். கை தவறி வந்துவிட்டது என்று நான் அழித்தேன். மறுநாள் பார்த்தால் திரும்ப இருந்தது. மறுபடியும் அழித்தேன். மூன்றாவது தடவை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி எழுதிக் காட்டினீர்கள்: "அங்கனதான் நான் மூச்சு வாங்குவேன்."

கொடியேறிய அன்று உங்களால் பதினோரு சுற்றுதான் சுற்ற முடிந்தது. மிச்சம் தொண்ணூற்றேழையும் உங்களுக்காக நான் சுற்றினேன். சாயங்காலம் முப்பது பேர் போல வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்து, அதன்மேல் பலகை போட்டு டேப்பைச் சாய்த்து வைத்தோம். பாம்பு வந்ததும் சிரிப்பு. "யாரு வரஞ்சா? சாம்பாருக்கு ஆகும்போல" என்றாள் பூக்கட்டுகிற செல்லத்தாய். நீங்களும் தோள் குலுங்கச் சிரித்தீர்கள். புன்னை மரம் வந்தது. அப்புறம் கால் வந்தது.

நாம் இரண்டு பேரும் யோசிக்காத ஒன்று அப்போது நடந்தது. செல்லத்தாய் எழுந்து வந்து, "தாயே" என்று அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தொட்டதும் ஸ்லைடு நகர்ந்து கறுப்பாகிவிட்டது. "அய்யோ, தாயி மறைஞ்சிட்டா" என்று இன்னொருத்தி திரும்பத் திரும்பத் தடவ, அது பின்னால் போய்ப் பாம்பு வந்தது. அதையும் நாகர் என்று இரண்டு பேர் தொட்டார்கள். நம் ஊரில் சாமி படத்தை நீட்டினால் யார்தான் தொடாமல் இருப்பார்கள்? ஆளாளுக்கு வந்து தொட, கதை முன்னும் பின்னுமாக ஓடியது. மரம், பாம்பு, கால், பாம்பு, பிள்ளையார் சுழி. ஒரு தடவை கடைசியில் இருந்த சுவாமியே வந்துவிட்டுப் போய்விட்டார், தவம் முடியும் முன்னாலேயே.

"தொடாதீங்க, தொடாதீங்க" என்று நான் தடுக்கிறேன். உங்கள் வாய் திறந்து திறந்து மூடுகிறது. பழைய குரல் இருந்திருந்தால் ஓர் அதட்டில் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் டேப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உங்கள் வீட்டுப் படியை நோக்கி நடந்தீர்கள். அந்த முதுகைப் பார்த்தபோது, இனி நீங்கள் எந்த ஆடியிலும் இந்த வாசலுக்கு வரமாட்டீர்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அப்போது செல்லத்தாய்தான் தரையில் உட்கார்ந்து, உங்களை மாதிரியே இழுத்துச் சொன்னாள்: "நின்னா... ஒத்தக் காலுல நின்னா..."

நீங்கள் படியில் நின்றுவிட்டீர்கள்.

"எப்படி நின்னா?" என்று பத்துக் குரல் சேர்ந்து கேட்டது. எத்தனை வருஷம் கேட்ட கதை. நீங்கள் எங்கே இழுப்பீர்கள், எங்கே தணிப்பீர்கள் என்று எல்லாருக்கும் மனப்பாடம். "வா மதினி, வந்து படத்தத் தள்ளு. பேசுத வேலைய நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள் செல்லத்தாய்.

திரும்பி வந்து உட்கார்ந்தீர்கள். முதலிலிருந்து தள்ளினீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் உங்கள் வார்த்தைகளை அவர்கள் சொன்னார்கள். கால் வந்தபோது ஒருத்தியும் எழுந்து வரவில்லை. கைகளை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கறுப்பு வந்தது. நான் யாருக்கும் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை, மதினி. ஆனாலும் முப்பது பேரும் சேர்ந்தாற்போல நிறுத்தினார்கள். கால் வைத்திருந்த வெந்நீர் வாளிகளில்கூடச் சத்தமில்லை. நீங்கள் மூச்சை இழுத்தது மட்டும் கேட்டது. பிறகு விரலை வைத்தீர்கள். சங்கரநாராயணர் வந்தார். கைகளெல்லாம் தலைக்குமேல் போயின.

அன்றைக்கு என் நோட்டில் "மதினி 11 சுற்று, கதை முழுசு" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த ஆடியிலும் நீங்கள்தான் தள்ளினீர்கள். அதற்கடுத்த ஆடிக்கு நீங்கள் இல்லை.

இப்போது நான்தான் தள்ளுகிறேன். நேற்று மகள் போனில் சொன்னாள், "எம்மா, டேப்புல எடம் நெறஞ்சு போச்சுன்னா பழசெல்லாம் அழிங்க. நடுவுல ஒரு காலி ஸ்லைடு வேற சும்மா கெடக்கு. புதுசா வாரவுக கெட்டுப்போச்சுன்னு நெனப்பாக." பக்திப் பாட்டில் பாதியை அழித்து இடம் பண்ணிக்கொண்டேன். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன். பால்காரர் ஸ்லைடுகூட அப்படியே இருக்கிறது. போன வாரம் தேவைப்பட்டது, காட்டினேன்.

நாளைக்கு நூற்றெட்டோடு உங்கள் பதினொன்றையும் சேர்த்துப் புளியமுத்து எண்ணி வைத்துவிட்டேன். சாயங்காலம் அந்தக் கறுப்பு வரும். கண்ணாடி இருண்டதும் அதில் என் முகம் தெரியும், எனக்குப் பின்னால் தெருப் பெண்கள் எல்லாரும் தெரிவார்கள். ஒருத்தரும் பேசமாட்டோம். நீங்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் மூச்சை இழுத்து விட்டதும்தான் நான் விரலை வைப்பேன்.