கால் கழுவும் வரிசை

மானிட்டோபா, கனடா,
திங்கள் காலை

என் தோழிக்கு (இன்னும் அப்படி அழைக்கலாம்தானே),

நம் திருச்சபைப் பலகையிலிருந்து ‘மென்னோனைட்’ என்ற, ஆயுதம் எடுக்காத நம் சமயப்பிரிவின் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று நீ எழுந்து பேசிய நாளிலிருந்து நமக்குள் பேச்சில்லை. மூன்று வருடம். அந்தப் பெயருக்காகத்தான் ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன்: நாம் யார், எதற்காக இருக்கிறோம் என்று.

நேற்று, போர்க்காலத்தில் துப்பாக்கி தொட மறுத்த நம் தாத்தாமார் அதற்குப் பதிலாகக் காட்டில் மரம் நட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பால்பண்ணை கொர்னி டூக் குறுக்கிட்டார்.

“அதெல்லாம் சரி டீச்சரம்மா. எதிரியையும் நேசிக்கணும்ங்கிறீங்க. பெரிய வியாழன் அன்னைக்கு ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவ வரிசையில நிக்கிறப்ப, எங்க ஜோடி சேர்ந்துடுவோமோன்னு உங்க தோழியை விட்டு மூணு பேர் தள்ளிப் போய் நிக்கிறீங்களே, அது எந்த ஊர் நியாயம்?”

வகுப்பே சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு வருடமும் ஆளை எண்ணித்தான் நிற்கிறேன்.

பெயரை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்குச் சபையில் ஓட்டெடுப்பு வந்தால் உனக்கு எதிராகத்தான் கை தூக்குவேன். ஆனால் இந்த வியாழன் உன் பக்கத்தில் நிற்பேன். நீ நகர்ந்தால் நானும் கூடவே நகர்வேன்.

உன் இடது கணுக்கால் இன்னும் வலிக்கிறதா? தண்ணீரைச் சூடாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். சுலபமாகக் கழற்றுகிற பூட்ஸ் போட்டு வா.

இப்படிக்கு,
வரிசையில் உனக்கு அடுத்தவள்